ஐக்கு ஒரு புள்ளி, ஒய்க்கு ஒரு வால்

(தோட்ட வாசிகசாலையில் பெற்றோர்களும் இளைஞர்களும் கூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு இங்கிலீஸ் சொற்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் எழும்பப் பார்த்ததை நான் கவனித்தேன். உட்காருங்கள் அண்ணே. இலக்கணம் ஒன்றும் சொல்லித் தரப் போவதில்லை. நான் படித்தது சாதாரண தரம் வரைக்கும்தான். இருபது வருசத்துக்கு மேலாக உங்கள் படிவங்களை நிரப்பி நிரப்பித்தான் எனக்கு இந்த எழுத்துக்களோடு பழக்கம் ஏற்பட்டது. பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நம்ம சாமானிலிருந்தே தொடங்குவோம். 'டீ' என்ற சொல்லுக்கு இங்கிலீசில் மூன்று எழுத்து. டி, ஈ, ஏ. இந்த மூன்று எழுத்தையும் மூன்று மட்டைத் துண்டில் எழுதி, பிள்ளை முன்னால் வையுங்கள். முதலில் இருக்கிற டியை எடுத்துக் கடைசியில் போட்டு, ஈ, ஏ, டி என்று வையுங்கள். 'ஈட்', சாப்பிடு. இப்போது ஏ முதலில், டி நடுவில், ஈ கடைசியில். 'ஏட்', சாப்பிட்டாச்சு. எழுத்துக்கள் அதேதான், எண்ணிக்கையும் மூன்றேதான். ஆனால் தேயிலை சாப்பாடாகிவிட்டது, சாப்பாடு முடிந்தும் போய்விட்டது. 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்ட நாளிலிருந்து நாம் கொழுந்து பறிக்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளே சாப்பாடு ஒளிந்திருப்பதை நான் நாற்பது வயதுக்குக் கிட்டத்தான் கண்டுபிடித்தேன்.

தமிழில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. நமக்கு 247 எழுத்து. படிக்கும்போது கஷ்டம்தான், ஆனால் ஒரு தடவை படித்துவிட்டால் 'லீ' என்று எழுதியிருந்தால் அது 'லீ'தான். இங்கிலீசில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு இலட்சக்கணக்கான சொல்லைச் சமாளிக்கிறார்கள். அதனால் அதே எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இடம் மாறினால் பொருள் மாறுகிறது. நம்ம பிள்ளைகள் தடுமாறுவது முட்டாள்தனத்தினால் இல்லை. ஈ, ஏ என்று இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே சத்தம் கொடுக்கும்போது, எது முன்னால், எது பின்னால் என்று காதுக்குத் தெரிவதில்லை. கண்தான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பிள்ளையின் கொப்பியை எனக்குக் காட்டினார்கள். 'என் அம்மா இலை பறிக்கிறார்' என்று இங்கிலீசில் எழுத வேண்டும். இலை என்றால் 'லீஃப்'. எல், ஈ, ஏ, எஃப், நாலு எழுத்து. பிள்ளை நாலு எழுத்தையும் சரியாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் எஃப்பை முன்னால் கொண்டு வந்துவிட்டது. எஃப், எல், ஈ, ஏ என்றால் 'ஃப்ளீ'. நாய் மேலே துள்ளுமே, தெள்ளுப்பூச்சி, அது! அம்மா மலையில் கூடை கூடையாகத் தெள்ளுப்பூச்சி பறிக்கிறதாக எழுதி வைத்திருந்தது. எல்லோரும் சிரித்தோம், பிள்ளையும் சிரித்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல் அதற்குத் தப்பவே இல்லை. சிரிக்க வைத்துச் சொல்லிக் கொடுத்தால் நிற்கும், குட்டிச் சொல்லிக் கொடுத்தால் நிற்காது. எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் எழுத்துக்களை மாற்றி மாற்றியே எழுதுகிற சில பிள்ளைகளும் உண்டு. அது சோம்பேறித்தனம் இல்லை. வாசிக்கும்போது எழுத்து நிலைகொள்ளாத ஒரு சிரமம் அது. அப்படி இருந்தால் அடிக்காமல் டீச்சரிடம் சொல்லுங்கள்.

ஸ்டோருவில் வேலை செய்கிறவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இந்த எழுத்து விளையாட்டு என்னைவிட நன்றாகத் தெரியும். தூள் மூட்டையில் பி.ஓ.பி.எஃப். என்று இருக்கும். இன்னொரு மூட்டையில் எஃப்.பி.ஓ.பி. என்று இருக்கும். எழுத்துக்கள் அதே நாலுதான். ஆனால் கடைசியில் நிற்கிற எஃப் 'ஃபேனிங்ஸ்', அதாவது சல்லடையில் கீழே இறங்குகிற பொடி ரகம். முன்னால் நிற்கிற எஃப் 'ஃபிளவரி', இலை பெரிதாக இருக்கிற ரகம். தூளும் வேறு, விலையும் வேறு. ஓர் எழுத்து எங்கே நிற்கிறது என்பதை வைத்து கொழும்பு ஏலத்தில் காசு மாறுகிறது. இங்கிலீஸ் தெரியாது என்று சொல்கிற நம்ம ஆட்கள் இதை இருட்டில் கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆகவே, தெரியாது என்று சொல்லாதீர்கள். நடுவில் வருகிற ஓ 'ஒரேஞ்' என்று தெரியும்தானே? அதற்கும் தோடம்பழத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தனிக் கதை.

இப்போது சம்பளத் துண்டுக்கு வருவோம். மாதம் ஒரு தடவை எல்லோருக்கும் கையில் கிடைக்கிற இங்கிலீஸ் பாடப் புத்தகம் அதுதான். ஆனால் அடியில் இருக்கிற தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சீலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறோம். அதில் 'டேட்' என்று இருக்கும், திகதி. 'ரேட்' என்று இருக்கும், ஒரு பேருக்கு எவ்வளவு என்ற கணக்கு. இரண்டும் நாலு எழுத்து, கடைசி மூன்று எழுத்தும் ஒன்று. ஏ, டி, ஈ. முதல் எழுத்துத்தான் வேறு. அதே மூன்று எழுத்துக்கு முன்னால் எல் போட்டால் 'லேட்', பிந்தி வந்தது. ஜி போட்டால் 'கேட்', வாசல் படலை. எச் போட்டால் 'ஹேட்', வெறுப்பு. எம் போட்டால் 'மேட்', கூட்டாளி. தூர் ஒன்று, கொழுந்து வேறு வேறு. ஒரு பிள்ளைக்கு 'டேட்' தெரிந்தால் ஐந்தாறு சொல் ஒரே மூச்சில் கிடைத்துவிடும். தனித்தனியாகப் பாடம் பண்ணத் தேவையில்லை.

'நெட்' என்று ஒரு சொல்லும் அதில் இருக்கும். எல்லாப் பிடிப்பும் போக கைக்கு வருகிற காசு. என், ஈ, டி. அதைப் பின்னாலிருந்து வாசித்தால் 'டென்', பத்து. மேலே 'கிராஸ்' என்று பெரிய தொகையாக இருக்கும். அது ஐந்தெழுத்து. அந்த ஐந்தெழுத்துக்கும் இந்த மூன்றெழுத்துக்கும் நடுவில் என்னென்ன போயிருக்கிறது என்று பார்க்கத்தான் நமக்கு எழுத்துத் தெரிய வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் கழித்திருப்பார்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த நிதி அது. தோட்டம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். அது உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற காசு இல்லை. நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அதுவும் தோட்டத்தின் பங்குதான். அது 1980இல் வந்தது. இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், இந்தக் காசை வைத்துத்தான் எனக்கு ஓர் எழுத்தின் விலை தெரிந்தது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இது நடந்தது 2006ஆம் வருசம். இந்தத் தோட்டம் இல்லை, வேறு தோட்டம். நான் வேலைக்கு வந்து அதிக காலமில்லை. மாரி என்று ஒரு அம்மா, முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மாரி என்ற பெயர் எல்லாத் தோட்டத்திலும் பத்துப் பேருக்கு இருக்கும். அதனால்தான் பெயரைச் சொல்கிறேன். வேலையை விட்டு நின்றபின் சேமலாப நிதிக் காசை எடுக்க வேண்டும் என்று என்னிடம் வந்தார். நான் அடையாள அட்டையைப் பார்த்து, இங்கிலீசில் எம், ஏ, ஆர், ஐ என்று வடிவாக எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பிவிட்டேன்.

சில மாதம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. பெயர் பொருந்தவில்லையாம். பழைய செக்ரோலையும் பதிவையும் எடுத்துப் பார்த்தால், அங்கே எம், ஏ, ஆர், ஒய் என்று இருக்கிறது. ஐக்குப் பதிலாக ஒய். நாலெழுத்தில் மூன்று எழுத்து ஒன்றுதான், கடைசி ஓர் எழுத்துத்தான் வேறு. ஆனால் அது 'மேரி'! மாரியம்மன் பெயரை வைத்துக்கொண்டு கோயிலுக்குத் தீ மிதிக்கிற அம்மா, காகிதத்தில் முப்பது வருசமாக மேரியாக இருந்திருக்கிறார். அவருக்கும் தெரியாது, எழுதினவருக்கும் தெரியாது. எந்த இளம் கிளாக்கர் எந்தக் காலத்தில் எழுதினாரோ, அவர் உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. முதல் பிழை அவருடையது. இரண்டாவது பிழை என்னுடையது. படிவத்தை அனுப்புவதற்கு முன்னால் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. பத்து நிமிச வேலை.

அதற்குப் பிறகு சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, தோட்டத்திலிருந்து கடிதம், ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு. மூன்று தடவை பஸ் ஏறினார். இரண்டு தடவை நானும் கூடப் போனேன். மூன்றாவது தடவை போகவில்லை. மகளின் கலியாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. காசு வரும் என்ற நம்பிக்கையில் தோட்டை அடகு வைத்தார். காசு வந்தது, முழுதாக வந்தது, ஆனால் அடகுத் தவணை முடிந்து தோடு போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிழையான எழுத்தையும் சரியான எழுத்தையும் காட்டச் சொன்னார். எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தலையில ஒரு புள்ளி, அதுக்கு ஒரு வாலு. இந்த வாலுக்காங்கய்யா நான் இம்புட்டு அலைஞ்சேன்?" என்று கேட்டார்.

அந்த அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன் பெயரை இங்கிலீசில் பார்த்தார். நாலெழுத்தையும் எழுதிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனார்.

நமக்கு மட்டும் ஏன் இந்தப் பெயர்த் தொல்லை இவ்வளவு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். நம்ம பாட்டன் பாட்டி தங்கள் பெயரைத் தாங்களே எழுதியதில்லை. கங்காணி வாயால் சொன்னதைக் கணக்கப்பிள்ளை எழுதினார், அதைப் பார்த்து ஒபீஸில் இன்னொருவர் இங்கிலீசில் எழுதினார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மவர்கள் வெளியே நின்றபோதும், 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோதும், மனுவுக்கு மேல் மனு எழுத வேண்டி வந்தது. ஒவ்வொரு மனுவையும் ஒவ்வொரு கை எழுதியது. லெச்சுமி என்ற ஒரு பெயரை நான் ஐந்து விதமாகப் பார்த்திருக்கிறேன். டி வைத்து, டி வைக்காமல், சி எச் ஒரு தடவை, இரண்டு தடவை, கடைசியில் ஐ, கடைசியில் ஒய். எல்லாம் ஒரே வீட்டில், ஒரே பெட்டியில், ஒரே ஆளுடைய கடதாசிகள்! ஆகவே இன்று இரவு வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெட்டியைத் திறந்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கலியாணப் பதிவு, வங்கிப் புத்தகம், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு உங்கள் பெயரின் எழுத்துக்களை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றில் ஏழு, இன்னொன்றில் எட்டு என்று வந்தால் என்னிடம் வாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எழுத்தை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். மாரிக்கும் மேரிக்கும் எண்ணிக்கை ஒன்றுதானே. வேலையில் இருக்கும்போதே திருத்துவது சுகம். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அந்தக் காசை எடுக்கலாம். அந்த நேரத்தில் ஓடித் திரியக்கூடாது.

சரி, திரும்பவும் பிள்ளைகளிடம் வருகிறேன். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஐந்தெழுத்துச் சொற்கள் இருக்கின்றன. ஐ, ஜி, எச், டி என்ற நாலெழுத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். முன்னால் எல் வைத்தால் 'லைட்', என் வைத்தால் 'நைட்', எஃப் வைத்தால் 'ஃபைட்', எஸ் வைத்தால் 'சைட்', அதாவது பார்வை. டி வைத்தால் 'டைட்', ஆர் வைத்தால் 'ரைட்'. இந்த 'ரைட்' ஒன்றுக்கே மூன்று பொருள். சரி, வலது பக்கம், உரிமை. அதே நாலெழுத்துக்கு முன்னால் ஈ வைத்துப் பாருங்கள், சத்தம் மாறிவிடும். 'எய்ட்', எட்டு. பிள்ளைகள் இங்கேதான் விழுவார்கள். கொழுந்து நிறுக்கிற 'வெய்ட்' என்ற சொல்லும் இந்த எட்டின் சொந்தக்காரன்தான். டபிள்யூவை முன்னால் சேர்த்தால் ஆறெழுத்து. தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டிய சொல்.

ஒரு தம்பி என்னிடம் கேட்டான், "ஐயா, நடுவுல இருக்கிற ஜியும் எச்சும் ஒரு வேலையும் செய்யலியே, பிறகு ஏன் எழுதுறோம்?" நல்ல கேள்வி. ஒரு காலத்தில் இங்கிலீஸ்காரர் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து காற்றை உரசி ஒரு சத்தம் போட்டார்கள். ஜெர்மன்காரர் இன்னும் தங்கள் மொழியில் அப்படிச் சொல்கிறார்கள். 1476இல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சில் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துவிட்டது, வாய் மட்டும் மாறிக்கொண்டே போய்விட்டது. சத்தம் செத்துப் போய், எழுத்து மட்டும் நிற்கிறது. வேலைக்கு வராத ஆளுக்குப் பேர் போடுகிற மாதிரி என்று அந்தத் தம்பியே சொன்னான்! கணக்கப்பிள்ளை ஐயா கோபிக்கக்கூடாது.

இதே ஜியும் எச்சும் இன்னொரு கூட்டத்தில் சேர்ந்துகொண்டு வேறு ஆட்டம் ஆடும். ஓ, யூ, ஜி, எச். முன்னால் சி வைத்தால் 'கொஃப்', இருமல். ஆர் வைத்தால் 'ரஃப்', டி வைத்தால் 'டஃப்'. ஆனால் டோசைக்கு வருகிற அந்த இன்னொரு டியை வைத்தால் 'டோ', குழைத்த மா. பி வைத்தால் 'பௌ', மரக்கிளை. எல்லாம் ஐந்தெழுத்து, கடைசி நாலெழுத்து ஒன்று, சத்தம் மட்டும் நாலு விதம். இதற்கு விதி ஒன்றும் இல்லை. பழகத்தான் வேண்டும். 'கொஃப்' என்ற சொல்லை மருந்துப் போத்தலில் வைத்துப் பழக்கலாம்.

மருந்துப் போத்தல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அளவு என்பதற்கு 'டோஸ்' என்று போட்டிருக்கும். டி, ஓ, எஸ், ஈ. ஓவை மூன்றாவது இடத்தில் இருந்து வருகிற ஈயோடு மாற்றிப் போட்டால்... இல்லை, பிழையாகச் சொல்கிறேன், பாருங்கள், எனக்கே தடுமாறுகிறது! கடைசி ஈயை எடுத்து எஸ்ஸுக்கு முன்னால் வைக்க வேண்டும். அப்போது அது 'டஸ்', செய்கிறது என்ற சொல். ஒரு பெரிய வகுப்புப் பையன் இருமல் மருந்துப் போத்தலை இப்படித்தான் வாசித்தான். 'டஸ்' என்று வாசித்தால் அளவு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் ஊற்றாதீர்கள், டிஸ்பென்சரியில் கேளுங்கள். அதற்கு வெட்கமே தேவையில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் இப்போது ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது, 'வேர்டில்' என்று பெயர். ஜோஷ் வார்டில் என்பவர் செய்து 2021இல் வெளியே விட்டார். அடுத்த வருசம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை வாங்கிவிட்டது. ஆறு தடவைக்குள் சொல்லைப் பிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை, எழுத்து சரி, இடம் பிழையென்றால் மஞ்சள். நான் இவ்வளவு நேரம் பேசியதும் அந்த மஞ்சளைப் பற்றித்தான். டேட்டா காசைக் கிரிக்கெட்டிலும் சினிமாவிலும் கரைக்கிற நேரத்தில் பத்து நிமிசம் இதற்குக் கொடுங்கள். கூட ஒரு தம்பியை அல்லது தங்கச்சியை வைத்துக்கொண்டு விளையாடுங்கள். போன் இல்லாத வீட்டில் பிஸ்கட் பெட்டி மட்டை போதும். 'ஸ்க்ரபிள்' என்ற பழைய பலகை விளையாட்டில் நூறு கட்டைகள். அதில் ஈ மட்டும் பன்னிரண்டு இருக்கும், கியூ ஒன்றுதான். நீங்களும் மட்டை வெட்டும்போது ஈயையும் ஏயையும் நிறைய வெட்டுங்கள். கியூவையும் செட்டையும் ஒவ்வொன்று போதும்.

போகிறதற்கு முன் நம்ம லயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'லைன்' என்ற இங்கிலீஸ் சொல் நம்ம வாயில் லயனாகி, லயமாகிவிட்டது. எல், ஐ, என், ஈ, நாலெழுத்து. வரிசை என்று பொருள். வரிசையாகக் கட்டின காம்பராக்கள். சிங்கத்துக்கும் இங்கிலீசில் 'லயன்'தான். அதுவும் நாலெழுத்து. எல், ஐ, ஓ, என். மூன்று எழுத்து பொது. ஒரு சின்னப் பிள்ளை தன் முகவரியில் சிங்கத்தை எழுதி வைத்திருந்தது. டீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார். எனக்கென்னவோ வெட்டாமல் விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு இதே இடம். பிள்ளைகள் மட்டைத் துண்டுகளோடு வர வேண்டும். அதற்குள் ஒரு வேலை தருகிறேன். எஸ், டி, ஓ, பி என்ற நாலெழுத்து. 'ஸ்டாப்', நில். பஸ் நிறுத்தத்தில் பார்த்திருப்பீர்கள். இதே நாலெழுத்தை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் இடம் மாற்றினால் 'ஸ்டாப்'போடு சேர்த்து ஆறு சொல் வரும். ஒன்று கடிதத்தோடு சம்பந்தப்பட்டது, ஒன்று அடுப்படியில் இருக்கிறது. மற்றதை நான் சொல்ல மாட்டேன். பெற்றோரும் கண்டுபிடிக்கலாம், தடையில்லை. பெயர்க் கடதாசிகளைக் கொண்டு வருகிறவர்கள் மூன்று மணிக்கே வந்துவிடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் எடுக்கும்.